ஆங்கிலத்தில் ‘கேர்’ என்றால் கவனமா, அக்கறையா, பராமரிப்பா? எங்கே எதை எடுத்துக்கொள்வது?

மூன்றும்தான், இன்னும் சிலவும் உண்டு. பின்னால் ஒட்டும் சின்னச் சொல்லைப் பாருங்கள், பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

‘கேர் அபௌட்’ மனசு சம்பந்தப்பட்டது, அக்கறை. ‘கேர் ஃபார்’ பெரும்பாலும் கை சம்பந்தப்பட்டது: படுத்த படுக்கையாக இருக்கும் அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டி, உடம்பு துடைத்து, துணி மாற்றிவிடுவது. வெளியூரில் இருக்கும் மகளுக்கு முதலாவது பொருந்தும், கூடவே இருந்து பார்ப்பவளுக்கு இரண்டும் பொருந்தும். ஆனால் ‘ஐ டோன்ட் கேர் ஃபார் காபி’ என்றால் காபி பிடிக்காது என்று அர்த்தம். ‘வுட் யூ கேர் ஃபார் சம் டீ?’ வெறும் உபசாரம், டீ சாப்பிடுகிறீர்களா என்பதுதான்.

‘டேக் கேர்’ விடைபெறும்போது சொல்வது, ‘உடம்பைப் பாத்துக்குங்க’ மாதிரி. ‘டேக் கேர் ஆஃப்’ அப்படியே நம் ‘பாத்துக்கறேன்’: குழந்தையையும் பார்த்துக்கொள்ளலாம், ஓட்டல் பில்லையும் பார்த்துக்கொள்ளலாம்.

நம்மவர்கள் அதிகம் சறுக்கும் இடம் ஒன்று. டீயா காபியா என்று கேட்டால், எதுவானாலும் சரி என்ற நினைப்பில் ‘ஐ டோன்ட் கேர்’ என்கிறார்கள். கேட்பவர் காதில் அது ‘எனக்கென்ன வந்தது’ என்று விழும். ‘ஐ டோன்ட் மைண்ட்’ என்று சொல்லிப் பழகுங்கள்.

பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்குத் துயரம், கவலை என்றே பொருள். ‘கேர்ஃபுல்’ கூட ஒரு காலத்தில் துயரம் நிறைந்த என்றுதான் இருந்தது. ஜெர்மனில் புனித வெள்ளியைக் ‘கார்ஃப்ரைடாக்’ என்பார்கள்; அந்தக் ‘கார்’ இதற்கு உறவு. ‘கேர்ஃப்ரீ’ கவலையற்றவர், ‘கேர்லெஸ்’ கவனமற்றவர் என்று பிரிவதும் இதனால்தான்: முன்னதில் பழைய பொருள் இன்னும் உயிரோடிருக்கிறது. குணப்படுத்துவதைச் சொல்லும் ‘க்யூர்’ ஓசையில் நெருங்கினாலும் லத்தீனிலிருந்து வந்தது, ‘கேரோடு’ ஒட்டுறவு கிடையாது.

சட்டத்தில் ‘டியூட்டி ஆஃப் கேர்’ என்பது பிறருக்குத் தீங்கு நேராமல் பார்த்துக்கொள்ளும் கடமை. 1928இல் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லியில் தோழி வாங்கித்தந்த ஜிஞ்சர் பீர் பாட்டிலில் அழுகிய நத்தை கிடந்ததாக ஒரு பெண் வழக்குப் போட்டார். காசு கொடுத்தவர் அவர் இல்லை, ஆனாலும் தயாரிப்பாளருக்குக் குடிப்பவர் மீது அந்தக் கடமை உண்டு என்று 1932இல் தீர்ப்பானது.

பிரிட்டனில் வேலைக்கு விண்ணப்பித்தால் ஒன்றை மறக்காதீர்கள். நோயாளியைப் பார்த்துக்கொள்பவர் ‘கேரர்’. ‘கேர்டேக்கர்’ என்று எழுதினால் கட்டடத்தைப் பார்த்துக்கொள்பவர் என்று எடுத்துக்கொள்வார்கள். காபந்து அரசுக்கும் அதே ‘கேர்டேக்கர்’தான்.