உழைத்தும் உழைப்பாளர் ஆகாதவர்கள்

கேள்வி: எங்களுடையது நூற்றைம்பது வீடுகள் கொண்ட மானாவாரிக் கிராமம். விடிந்தால் ஆண், பெண் எல்லோரும் காட்டுக்குப் போய்விடுகிறோம். ஆனால், 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் அட்டவணையில் எங்கள் ஊர் மக்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் ‘வேலை செய்யாதவர்கள்’ என்று இருக்கிறது. வேலை செய்பவர்களிலும் பலரைக் ‘குறு பணியாளர்’ என்கிறார்கள். இது எப்படிச் சரியாகும்?

பதில்: உங்கள் ஊர் மட்டுமல்ல, நாடு முழுவதும் அந்தக் கணக்கெடுப்பில் ஊரக மக்களில் 41.8 சதவீதத்தினர் மட்டுமே பணியாளர்களாகப் பதிவாகியிருக்கிறார்கள். கைக்குழந்தை முதல் படுக்கையில் கிடக்கும் முதியவர் வரை ஊரிலுள்ள அத்தனை பேரையும் சேர்த்தே இந்த விகிதம் கணக்கிடப்படுவதால், பாதிக்குக் கீழே இருப்பதில் வியப்பில்லை. முந்தைய ஓராண்டில் ஆறு மாதமோ அதற்கு மேலோ வேலை செய்தவர் முதன்மைப் பணியாளர். அதற்குக் குறைவாகச் செய்தவர் குறு பணியாளர். மழையை நம்பி ஒரே போகம் விளையும் ஊரில், விதைப்பு, களையெடுப்பு, அறுப்பு நாள்களையெல்லாம் கூட்டினாலும் கூலிக்குப் போகிறவருக்கு ஆறு மாதம் தேறுவது கடினம். ஆகவே அந்தச் சொல் உங்கள் ஊராரின் சோம்பலைக் குறிக்கவில்லை. வானம் பார்த்த பூமியில் வேலை கிடைக்கும் நாள்களின் குறைவையே குறிக்கிறது.

என்னை உண்மையில் வருத்துவது பெண்களின் கணக்குதான். ஊரக ஆண்களில் 53 சதவீதத்தினர் பணியாளர்கள் என்றால், பெண்களில் 30 சதவீதத்தினரே அப்படிப் பதிவாகியுள்ளனர். சமைப்பது, தண்ணீர் சுமப்பது போன்ற வீட்டுவேலைகளைக் கணக்கெடுப்பு வேலையாகக் கொள்வதில்லை. ஆனால் சொந்தக் காட்டில் கூலியின்றி உழைப்பதும், வீட்டுத் தேவைக்கு மட்டுமே என்றாலும் பால்மாடு வளர்ப்பதும் வேலைதான் என்று அதன் விதியே சொல்கிறது. அப்படியிருந்தும், வாசலில் நிற்கும் கணக்கெடுப்பாளரிடம், காலையில் இரண்டு மாடு கறந்து, பகலெல்லாம் களை பறித்த பெண்ணைப் பற்றி, “அவ வீட்ல சும்மாதான் இருக்கா” என்று கணவர் சொல்லிவிட்டால், அந்தச் சொல்லே அட்டவணையில் ஏறிவிடுகிறது. கேள்வியை அந்தப் பெண்ணிடமே கேட்க வேண்டும். காட்டுவேலையையும் மாட்டுவேலையையும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

அட்டவணையில் இன்னொன்றையும் பாருங்கள். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு மேற்பார்வைகூடச் செய்யாதவர் அதில் சாகுபடியாளர் அல்லர். குத்தகைக்கு எடுத்து உழுபவரே சாகுபடியாளர். 2001இல் நாட்டில் சாகுபடியாளர்கள் 12.73 கோடி, விவசாயக் கூலிகள் 10.68 கோடி. 2011இல் சாகுபடியாளர்கள் 11.88 கோடியாகக் குறைய, கூலிகள் 14.43 கோடியாகப் பெருகிவிட்டனர். உங்கள் ஊரின் இரண்டு ஆண்டு அட்டவணைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், இந்த மாற்றம் அங்கும் நடந்ததா என்பது தெரிந்துவிடும்.

கேள்வி: பொங்கல் முடிந்ததும் செங்கல் சூளைக்குப் போகிற குடும்பங்கள் எந்த ஊர்க் கணக்கில் வருவார்கள்?

பதில்: 2011இல் பிப்ரவரி 9 முதல் 28 வரை கணக்கெடுத்தார்கள். அந்த நாள்கள் முழுவதும் ஊரில் இல்லாதவர்கள், தங்கியிருந்த இடத்திலேயே எண்ணப்பட வேண்டியவர்கள். சூளையில் வேலை மும்முரமாக நடக்கும் காலமும் அதுவே என்பதால், பூட்டிய வீடுகளின் அளவுக்கு உங்கள் ஊரின் மக்கள்தொகை குறைந்தே பதிவாகியிருக்கும். அடுத்த கணக்கெடுப்பும் 2027 பிப்ரவரியில்தான் வருகிறது. சூளைக்குப் புறப்படுகிறவர்களிடம், அங்கே கணக்கெடுப்பாளர் வந்தால் குழந்தைகள் உட்பட எல்லோர் பெயரையும் விடாமல் சொல்லச் சொல்லுங்கள்.