மனநல டாக்டரைப் பார்த்தால் பிளேஸ்மென்ட் போய்விடுமா?

கேள்வி: கோவையில் பொறியியல் மூன்றாம் ஆண்டு, ஹாஸ்டல். இரண்டு மாதமாகச் சரியான தூக்கம் இல்லை, புத்தகத்தைத் திறந்தாலே அழுகை வருகிறது. மனநல டாக்டரிடம் போனால் ரெக்கார்டு ஆகி பிளேஸ்மென்ட் போய்விடும், மாத்திரையை ஆயுசுக்கும் விட முடியாது என்கிறார்கள் நண்பர்கள். அம்மாவோ, 'நம்ம வீட்ல யாருக்கும் அப்படியெல்லாம் கிடையாது' என்கிறார். என்ன செய்வது?

பதில்: தம்பி, முதலில் ரெக்கார்டு விஷயம், ஏனென்றால் இரண்டு மாதமாக உங்களைத் தடுத்து வைத்திருப்பது அதுதான். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, 23ஆம் பிரிவின்படி மனநல டாக்டர்களான எங்களிடம் நீங்கள் சொல்வது ரகசியம். கல்லூரி முதல்வர் போன் போட்டுக் கேட்டாலும், கம்பெனி எச்.ஆர். கேட்டாலும் நாங்கள் சொல்லக் கூடாது. 18 வயது முடிந்தவர் நீங்கள், தனியாகவே வரலாம். உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் நெருங்கியவர்களிடம் சொல்ல வேண்டி வரும், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ராணுவம், விமானி போன்ற சில வேலைகளுக்குத் தனி மருத்துவ விதிகள் உண்டு. அந்த எண்ணம் இருந்தால் முதல் நாளே டாக்டரிடம் பேசிவிடுங்கள்.

மாத்திரை பயத்தில் பாதி உண்மை. பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் கொடுக்கும் சில மாத்திரைகளை வாரக்கணக்கில் போட்டால் பழக்கமாகிவிடும், அதனால்தான் அவற்றைக் குறைந்த நாளுக்கு மட்டும் எழுதுவோம், மருந்துக்கடையில் நீங்களாக வாங்காதீர்கள். மனச்சோர்வுக்கான மாத்திரைகள் வேறு ரகம். முதல் வாரம் குமட்டல், தலைவலி வரலாம், பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். பலர் இங்கேதான் 'வேலை செய்யல' என்று விட்டுவிடுகிறார்கள், எனக்கு அதுதான் பெரிய வருத்தம். குணமான பிறகும் சில மாதம் தொடர்ந்து, அப்புறம் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவோம். ஆனால் எல்லோருக்கும் மாத்திரை தேவைப்படாது, மனம்விட்டுப் பேசும் கவுன்சலிங் சிகிச்சையே போதும் என்றும் ஆகலாம். முதல் நாள் பெரும்பாலும் கேள்விகள்தான், தைராய்டுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை எழுதக்கூடும்.

1794-ல் தொடங்கிய ஒரு மருத்துவமனையின் ஊர்ப்பெயரை, 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்று நாம் வசைச்சொல் ஆக்கி வைத்திருக்கிறோம். ஹாஸ்டலில் அப்படிக் கூப்பிடுவார்களோ என்ற பயம் எனக்குப் புரிகிறது. எல்லோரிடமும் சொல்ல வேண்டியதில்லை, ஒரே ஒரு ரூம்மேட்டிடம் சொல்லுங்கள், முடிந்தால் அவரையே கூட அழைத்துப் போங்கள். அம்மாவிடம் நோயின் பெயரில் தொடங்காதீர்கள். 'தூக்கமே வரலம்மா, சாப்பாடு இறங்கல, டாக்டரைப் பார்க்கணும்' என்றால் எந்த அம்மாவுக்கும் புரியும்.

இருந்து என்ன பயன் என்ற நினைப்பு ஒருமுறை வந்தாலும் ஓ.பி. நாளுக்குக் காத்திருக்க வேண்டாம், அந்த நிமிடமே 14416-ஐ அழையுங்கள். அதுதான் டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண், 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம்.

மற்றபடி, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காலையில் ஓ.பி. சீட்டு வாங்கி, மனநலப் பிரிவு எங்கே என்று கேளுங்கள், காசு வாங்க மாட்டார்கள். திங்கட்கிழமை கூட்டம் அதிகம், செவ்வாயோ புதனோ போங்கள்.