அணையாத ரூம் லைட்டும் மினுக்கும் எல்இடியும்

காருக்குள் பழைய இழை பல்பைக் கழற்றிவிட்டு எல்இடி போட்டவர்களின் கேள்விகள் சில. எல்இடியைக் குறை சொல்லித்தான் பலரும் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் பாதிக் கேள்விகளில் கோளாறு பல்பில் இல்லை. ஒயரிங்கில் ஏற்கெனவே இருந்த ஒன்று இப்போதுதான் கண்ணுக்குத் தெரிகிறது, அவ்வளவுதான்.

புது எல்இடி எரியவே இல்லை. பழைய பல்பைப் போட்டால் எரிகிறது. வாங்கியதே பழுதா?

முதலில் கழற்றித் திருப்பிப் போட்டுப் பாருங்கள். இழை பல்புக்கு பிளஸ், மைனஸ் பேதம் கிடையாது. பல எல்இடிகளுக்கு உண்டு. அப்படியும் எரியாவிட்டால் நீளத்தைப் பாருங்கள். இரண்டு முனையிலும் உலோக மூடி உள்ள குழல் வடிவ பல்பு 31, 36, 39, 41 மி.மீ. என்று பல அளவுகளில் வருகிறது. 39 இருந்த இடத்தில் 36 போட்டால் பார்வைக்கு உட்கார்ந்த மாதிரிதான் இருக்கும், தொடாது.

ஒரு எச்சரிக்கை. பல கார்களில் பல்பு உட்காரும் ஹோல்டரின் ஒரு தகட்டில் எப்போதும் 12 வோல்ட் இருக்கும். கதவு சுவிட்ச் எர்த்தைத்தான், அதாவது காரின் இரும்பு உடலைத்தான், இணைக்கிறது. ஸ்க்ரூடிரைவர் முனை அந்தத் தகட்டையும் கூரையின் இரும்பையும் சேர்த்துத் தொட்டால் ஃபியூஸ் போய்விடும். அதே ஃபியூஸில் ரேடியோவின் நினைவகமோ சென்ட்ரல் லாக்கோ இருக்கலாம். "பல்பு மாற்றினேன், அப்புறம் ரிமோட் வேலை செய்யவில்லை" என்று எழுதிய வாசகருக்கும் இதுதான் பதில். ஃபியூஸைக் கழற்றி வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

கதவைப் பூட்டிய பிறகும் ரூம் லைட் மங்கலாக எரிந்துகொண்டே இருக்கிறது. பேட்டரி டவுன் ஆகிவிடுமா?

அதிகம் பேர் கேட்டிருப்பது இதைத்தான். சில விநாடிகளில் மெல்ல மங்கி அணைந்தால் அது காரின் வடிவமைப்பு. இரவு முழுக்க நீடித்தால் எங்கோ கசிவு இருக்கிறது. விளக்கைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி அணைந்த நிலையிலும் ஒரு துளி மின்னோட்டத்தை விடும். இழை பல்பு அதில் சூடேறக்கூட ஏறாது. எல்இடிக்கோ ஒரு மில்லி ஆம்பியரே இருட்டில் தெரியுமளவு போதும்.

இங்கே மின்னழுத்தம் அளக்கும் மல்டிமீட்டர் நம்மை ஏமாற்றும். ஹோல்டரில் பல்பு இல்லாமல் அளந்தால் பல வோல்ட் காட்டும்; பார்த்தவுடன் பயந்துவிடுவோம். பழைய பல்பைப் போட்டுக்கொண்டு அளந்து பாருங்கள். கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு இறங்கினால் அது வெறும் கசிவு. எல்இடிக்கு இணையாக 1 கிலோ ஓம், அரை வாட் ரெசிஸ்டர் ஒன்றைப் பற்றவைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். பேட்டரியைப் பற்றிக் கவலை வேண்டாம்: ஒரு மில்லி ஆம்பியர் ஒரு மாதம் கசிந்தாலும் முக்கால் ஆம்பியர்-மணிகூட ஆகாது.

பழைய பல்பைப் போட்டாலும் அணையாமல் எரிகிறதா? அப்படியானால் கதவு சுவிட்ச் துருப்பிடித்தோ சிக்கியோ இருக்கிறது. அதை உடனே சரிசெய்யுங்கள். 10 வாட் பல்பு பத்து மணி நேரம் எரிந்தால் 8 ஆம்பியர்-மணி போய்விடும். வயதான பேட்டரி அதைத் தாங்காது.

விளக்கைக் குறைத்து வைத்தால் மினுக்குகிறது.

பல கார்கள் மின்னழுத்தத்தைக் குறைத்து ஒளியை மங்கவைப்பதில்லை. விநாடிக்குப் பல முறை அணைத்து அணைத்துப் போடுகின்றன. இழை ஆற நேரம் எடுப்பதால் அந்த விட்டுவிட்டு எரிவது தெரியாது, எல்இடி அப்படியே காட்டிவிடும். மங்கவைக்க ஏற்றது என்று குறிப்பிட்டு விற்கும் பல்பை வாங்குங்கள். பள்ளத்தில் ஏறி இறங்கும்போது மட்டும் மினுக்கினால் லூஸ் கான்டாக்ட்தான். ஃபியூஸைக் கழற்றிவிட்டு ஹோல்டர் தகடுகளை விரலால் கொஞ்சம் உள்ளே வளைத்தாலே போதும்.

பன்னிரண்டு எல்இடி உள்ள பலகையில் மூன்று மட்டும் அணைந்துவிட்டன. ஏன் சரியாக மூன்று?

அந்த மூன்றும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு ரெசிஸ்டரோடு தொடராக இணைந்தவை. ஒன்று போனால் மற்ற இரண்டும் அணையும். காரணம் பெரும்பாலும் சூடு. வெள்ளை எல்இடி ஒன்றுக்குச் சுமார் 3 வோல்ட், மூன்றுக்கு 9. எஞ்சின் நிற்கும்போது பேட்டரி 12.6 வோல்ட், எனவே ரெசிஸ்டருக்கு மிஞ்சுவது 3.6. எஞ்சின் ஓடும்போது 14.4, இப்போது மிஞ்சுவது 5.4. மின்னழுத்தம் கொஞ்சம்தான் ஏறியது, மின்னோட்டமோ ஒன்றரை மடங்கு! மலிவான பலகைகளை மேசைமேல் பேட்டரியில் எரியவிட்டுப் பார்த்து ஏமாறுவது இதனால்தான். மின்னோட்டத்தை நிலைநிறுத்தும் சுற்று உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

ரூம் லைட் எரிந்தால் எஃப்எம்மில் இரைச்சல்.

பல்பைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் பல்புக்குள் இருக்கும் மின்மாற்றுச் சுற்றுதான் காரணம். வேறு பல்பு போடுவதே சுலபம்.

டேஷ்போர்டின் அடியிலும் முன்தூணிலும் (முன்கண்ணாடியின் ஓரத்தில் உள்ள தூண்) எல்இடி ஸ்ட்ரிப் ஒட்ட ஆசை. ஒயரை எப்படிக் கொண்டுபோவது?

டேஷ்போர்டின் அடியில் தாராளமாக ஒட்டுங்கள். சாவி போட்டால் மட்டும் உயிர் வரும் ஃபியூஸ் ஒன்றிலிருந்து இணைப்பு எடுத்து, ஸ்ட்ரிப்புக்கென்று தனியாக 2 அல்லது 3 ஆம்பியர் ஃபியூஸ் போடுங்கள். பெடல்களில் சிக்காதபடி ஒயரைக் கட்டிவைக்க மறக்காதீர்கள்.

முன்தூணில் மட்டும் வேண்டாம். பக்கவாட்டு ஏர்பேக் உள்ள கார்களில் அந்தப் பை கூரை ஓரத்திலிருந்து விரிந்து இறங்கும் வழி இந்தத் தூணாக இருக்கலாம். குறுக்கே ஓடும் ஒயர் அதன் பாதையைத் தடுக்கும். ஏர்பேக் ஒயரின் அடையாளமான மஞ்சள் உறையோ மஞ்சள் கனெக்டரோ கண்ணில் பட்டால் அதில், மின்சாரம் வருகிறதா என்று பார்க்கும் டெஸ்ட் லாம்பை வைத்துப் பார்க்கவும் கூடாது, ஏர்பேக் வெடித்துவிடலாம். அங்கே கையை எடுத்துவிட்டு, ஏர்பேக் வேலை தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.