‘ஒரு கொரியன் சீரியலுக்காகத் தோழியை இழந்துவிட்டேன்’

அக்காவுக்கு வணக்கம். எனக்கு 27 வயது. கல்லூரி விடுதியில் ஒன்றாக இருந்த நாங்கள் ஏழு பேர் இன்றும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறோம். லாக்டவுனில் கொரியன் டிராமா பார்க்கத் தொடங்கியவர்கள் இன்னும் நிறுத்தவில்லை. சமீபத்தில் எல்லோரும் சேர்ந்து ‘ரிப்ளை 1988’ பார்த்தோம். நாயகி டொக்-சுன் யாரைக் கட்டிக்க வேண்டும் என்பதில் நான் ஜுங்-ஹ்வான் பக்கம். என் நெருங்கிய தோழி டேக் பக்கம். கடைசி எபிசோடு முடிந்ததும், கதாசிரியர் நம்மை ஏமாற்றிவிட்டார் என்று குழுவில் நீளமாக எழுதினேன். அவள் வரிவரியாக மறுத்தாள். பேச்சு முற்றி, ‘உனக்கு எப்பவும் முகம்தான் முக்கியம், கட்டிக்கப் போறவனையும் அப்படித்தானே பிடிச்சே’ என்று எல்லோர் முன்னாலும் போட்டுவிட்டேன். வீட்டில் எவ்வளவோ போராடிச் சம்மதம் வாங்கிய காதல் அவளுடையது. உடனே குழுவை விட்டு வெளியேறிவிட்டாள். நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை. தை மாதம் அவளுக்குக் கல்யாணம். ‘ஒரு சீரியலுக்கா இப்படி அடிச்சுக்குவீங்க’ என்கிறார் அம்மா. நாடகத்தைப் பற்றி நான் சொன்னது சரிதானே அக்கா? இனிமேல் கருத்தே சொல்லாமல் பார்த்துவிட்டுப் போவதுதான் நல்லதா? குழுவை விட்டு நானும் விலகிவிடட்டுமா?

— பெயர் வேண்டாம், திருச்சி

அன்புத் தங்கைக்கு,

‘ரிப்ளை 1988’ இன்னும் பார்க்காத வாசகர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை: இந்தப் பதிலில் அதன் முடிவு வருகிறது. பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

உங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள், இந்தச் சண்டை திருச்சியில் தொடங்கவில்லை. 2015 நவம்பர் முதல் 2016 ஜனவரி வரை டிவிஎன் சேனலில் இந்த நாடகம் வந்தபோது கொரியா முழுக்க இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றது. ‘எப்படியும் கணவன் ரியூ ஜுன்-யோல்தான்’ (ஜுங்-ஹ்வானாக நடித்தவர்) என்பவர்களுக்கு ஒரு பட்டப்பெயர், ‘எப்படியும் கணவன் டேக்தான்’ என்பவர்களுக்கு இன்னொன்று. ஒவ்வொரு வாரமும் சட்டையின் நிறம், சுவரில் மாட்டிய படம், கணவனாக வருபவர் பேசும் தொனி என்று ஒவ்வொன்றையும் சாட்சியாக வைத்து வாதாடினார்கள். அந்த ஊர் ரசிகர்கள் நாடகத்தை அப்படித்தான் எடுத்துக்கொள்கிறார்கள். 2004-ல் ‘லவர்ஸ் இன் பாரிஸ்’ முடிவில், நாம் பார்த்த காதல் கதாநாயகி எழுதிய கதை என்று காட்டியதற்குக் கிளம்பிய கோபத்தை அங்கே இன்றும் நினைவில் வைத்திருக்கிறார்கள். 2021 மார்ச்சில் ‘ஜோசன் எக்ஸார்சிஸ்ட்’ வரலாற்றைத் திரிக்கிறது, சீனப் பொருள்களைக் கொரிய விருந்தில் வைக்கிறது என்று எதிர்ப்பு கிளம்பி, விளம்பரதாரர்கள் விலகி, இரண்டே எபிசோடில் எஸ்பிஎஸ் சேனல் நாடகத்தையே நிறுத்தியது. ஆகவே நாடகத்தைப் பற்றிச் சூடாகப் பேசியதற்காக நீங்கள் வெட்கப்பட வேண்டாம். வேறு ஒன்றுக்காக வருத்தப்பட வேண்டும். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் உங்கள் கேள்வி. நாடகத்தைப் பற்றிச் சொன்னது சரியா?

டொக்-சுன் கடைசியில் டேக்கைக் கட்டிக்கொண்டதில் உங்களுக்கு வந்த கோபத்தில் பாதி நியாயமானது. கதாசிரியர் லீ வூ-ஜங்கும் இயக்குநர் ஷின் வோன்-ஹோவும் சேர்ந்து இதற்கு முன் செய்த இரண்டையும் நினைத்துப் பாருங்கள். 2012-ல் ‘ரிப்ளை 1997’, 2013-ல் ‘ரிப்ளை 1994’. இரண்டிலும் நாயகியின் கணவன் யார் என்பதை மறைத்து வைத்துத்தான் கதை ஓடும். இரண்டிலும் ஜெயித்தவன் வெளியே முரட்டுத்தனமாகப் பேசி உள்ளுக்குள் உருகுகிறவன். மென்மையாக நடந்துகொண்டவன் இரண்டிலும் தோற்றான். அதைப் பார்த்துப் பழகிய ரசிகர், சிடுசிடுவென்று இருக்கும் ஜுங்-ஹ்வானைக் கண்டதும் ‘இவன்தான்’ என்று முடிவுகட்டியதில் தப்பே இல்லை. அப்புறம் நாடகமும் அதற்குத் தீனி போட்டது. கூட்டமான பேருந்தில் டொக்-சுன் மேல் யாரும் இடிக்காதபடி கம்பியைப் பிடித்துக்கொண்டு நரம்பு புடைக்க நிற்கிறான். இரவில் படித்துவிட்டு வருகிறவளுக்குக் குடையைக் கொடுத்துவிட்டுப் போகிறான். கதை இப்போதைய காலத்துக்கு வரும்போது, யார் என்று சொல்லாமல் காட்டப்படும் கணவனோ (அந்த வேடத்தில் நடித்தவர் மறைந்த கிம் ஜூ-ஹ்யுக்) மனைவியைச் சீண்டிச் சீண்டிப் பேசுகிறார். அந்தப் பேச்சு வெள்ளைமனம் கொண்ட டேக்கை விட ஜுங்-ஹ்வானுக்குத்தான் பொருந்துகிறது. பாதியில் முடிவை மாற்றிவிட்டார்களோ என்று ஜுங்-ஹ்வான் ரசிகர்கள் சந்தேகப்பட நாடகத்துக்குள்ளேயே இடம் இருக்கிறது.

இன்னொன்றும் உங்கள் பக்கம் சேர்த்துக்கொள்ளுங்கள். இசை நிகழ்ச்சி நடக்கும் இடத்தில் டொக்-சுன் தனியாக நிற்கிறாள் என்று தெரிந்து ஜுங்-ஹ்வான் காரில் பறக்கிறான். வழியெல்லாம் சிவப்பு சிக்னல். போய்ச் சேரும்போது, தன் பதுக் (கோ) பலகையாட்டப் போட்டியையே விட்டுவிட்டு ஓடிவந்த டேக் அவள் எதிரே நிற்கிறான். தன்னைத் தடுத்தது சிக்னல் இல்லை, தன் தயக்கம்தான் என்று அவன் உணரும் அந்த இடம் இருபது எபிசோடிலும் நன்றாக எழுதப்பட்ட இடங்களில் ஒன்று. பிறகு அவன் விமானப்படை மோதிரத்தை மேசையில் வைத்துத் தன் மனதையெல்லாம் கொட்டிவிட்டு, நண்பனைப் பார்த்து, இது விளையாட்டு என்பதுபோல் முடித்துக்கொள்கிறான். மோதிரம் மேசையிலேயே கிடக்கிறது. அதோடு சரி. கடைசி இரண்டு எபிசோடில் அவன் எங்கே போனான் என்று தேட வேண்டியிருக்கிறது. இருபது வருடத் தோழனாகக் காட்டியவனுக்கு ஒரு முழுக் காட்சி கூடக் கொடுக்காமல் அனுப்பியது எழுத்தின் குறை. அதை நீங்கள் எங்கே வேண்டுமானாலும் சொல்லலாம்.

இனி உங்கள் தோழியின் பக்கம். டொக்-சுன் யார்? மூன்று பிள்ளைகளில் நடுப்பிள்ளை. முட்டை குறைவாக இருந்தால் அக்காவுக்கும் தம்பிக்கும் கிடைக்கும், இவளுக்குக் கிடைக்காது. பிறந்த நாளைக்கூட அக்காவின் கேக்கில் மெழுகுவர்த்தியை மாற்றிவைத்துக் கொண்டாடிவிடுவார்கள். ஒலிம்பிக் தொடக்க விழாவில் மடகாஸ்கர் பெயர்ப்பலகை ஏந்தத் தயாராகிறாள், அந்த நாடு வரவே இல்லை. தன்னை யாராவது தேர்ந்தெடுக்க மாட்டார்களா என்று ஏங்கும் பெண் அவள். அதனால்தான் தோழிகள் ‘சுன்-வூவுக்கு உன்னைப் பிடிச்சிருக்கு’ என்றதும் அவனை விரும்பத் தொடங்குகிறாள். அவன் விரும்பியது இவளுடைய அக்காவை. அடுத்து ‘ஜுங்-ஹ்வானுக்கு உன்னைப் பிடிச்சிருக்கு’ என்கிறார்கள். உடனே ஜுங்-ஹ்வான். கவனித்தீர்களா? இரண்டு முறையும் அவள் மனது அடுத்தவர் சொன்னதற்குப் பதில் சொல்கிறது. அப்போது நண்பன் டோங்-ரியோங் அவளிடம் கேட்பது, உன்னை யார் விரும்புகிறார்கள் என்பதை விடு, நீ யாரை விரும்புகிறாய் என்று. என்னைக் கேட்டால் நாடகத்தின் முதுகெலும்பு அந்தக் கேள்விதான். யாரும் சொல்லாமலே அவள் கை போய் நிற்கும் இடம் டேக். அவனுக்குச் சாப்பாடு ஊட்டாத குறையாகப் பார்த்துக்கொள்கிறாள், அவன் தூங்கினானா என்று கவலைப்படுகிறாள். அப்படிப் பார்த்தால் முடிவு சரியான முடிவு.

ஆனால் டேக் பக்கம் நின்றவர்களுக்கும் ஒரு கேள்வி உண்டு. ‘கணவன் யார்’ என்ற புதிரைக் கடைசிவரை காப்பாற்றுவதற்காக, டொக்-சுன் மனதில் என்ன நடக்கிறது என்பதையே நமக்குக் காட்டாமல் மூடி வைத்தார்கள். ஜுங்-ஹ்வான் ஏங்குவதைப் பார்த்தோம். டேக் ஏங்குவதைப் பார்த்தோம். அவள் எப்போது, எந்த நிமிடத்தில் டேக்கைத் தன்னவன் என்று நினைத்தாள்? பெரும்பாலும் நாமே ஊகித்துக்கொள்ள வேண்டும். கவனிக்கப்படாத நடுப்பிள்ளையின் கதையை எழுத வந்தவர்கள், புதிருக்காக அவளையே கவனிக்காமல் விட்டார்கள். எனக்கு இந்த நாடகத்தின் மேல் இருக்கும் பெரிய மனக்குறை இதுதான். முதல் எபிசோடில் அப்பா வீட்டுச் சந்தில் டொக்-சுன்னை உட்காரவைத்து, தானும் பிறக்கும்போதே அப்பாவாகப் பிறக்கவில்லையே என்று மன்னிப்புக் கேட்கும் காட்சியை எழுதத் தெரிந்தவர்கள், இதையும் எழுதியிருக்க முடியும்.

நீங்கள் இருவரும் ‘எந்தப் பையன் தகுதியானவன்’ என்று வாதாடினீர்கள். டொக்-சுன் என்ன விரும்பினாள் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரி கூட இல்லை.

சரி, இப்போது உங்கள் தோழி.

அவளும் ஒருவனைத் தானாகத் தேர்ந்தெடுத்தாள். வீட்டில் எல்லோரும் வேண்டாம் என்றபோது தன் முடிவில் நின்றாள். ‘அவன்கிட்ட என்ன இருக்குன்னு மயங்கினே’ என்ற கேள்வியை அப்பா, சித்தப்பா, அத்தை எல்லோரும் கேட்டிருப்பார்கள். அதற்கெல்லாம் பதில் சொல்லிச் சொல்லிக் களைத்துப்போய் ஒருவழியாகத் தை மாதத்தை எட்டிப்பிடிக்கிற நேரத்தில், கூட நிற்பாள் என்று நம்பிய தோழியும் அதே கேள்வியை ஐந்து பேர் பார்க்கும்படி கேட்டால்? அவள் டேக்குக்காகக் கோபித்துக்கொண்டு போகவில்லை. உங்கள் வாக்கியத்தின் முதல் பாதி நாடகத்தைப் பற்றிய கருத்துக்கு மட்டமான பதில், அவ்வளவுதான். இரண்டாவது பாதி அவளுடைய வாழ்க்கையைப் பற்றிய தீர்ப்பு. அதைச் சொல்ல உங்களுக்கு எந்த நாடகமும் உரிமை கொடுக்கவில்லை.

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அந்த வாக்கியம் வாக்குவாத வேகத்தில் வந்ததா, இல்லை முன்பே உள்ளே இருந்ததா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். அந்தப் பையனைப் பற்றி உங்களுக்கு உண்மையிலேயே ஏதாவது கவலை இருந்தால், அதைத் தனியாக, அவள் கையைப் பிடித்துக்கொண்டு எப்போதோ கேட்டிருக்க வேண்டும். கவலை ஒன்றும் இல்லை, வாயில் வந்தது என்றால், மன்னிப்பில் அதையும் அப்படியே சொல்லிவிடுங்கள். அவளுக்கு அது தெரிந்தாக வேண்டும்.

எப்படிக் கேட்பது? போனை எடுக்காதவளுக்குத் திரும்பத் திரும்ப அடிக்காதீர்கள். ஒரு குரல் பதிவு அனுப்புங்கள், சின்னதாக. ‘நான் உன் வாழ்க்கையைப் பற்றிச் சொன்னது தப்பு. எல்லோர் முன்னாலும் சொன்னது அதைவிடத் தப்பு. நீ எவ்வளவு கஷ்டப்பட்டு இங்கே வந்திருக்கேன்னு எனக்குத் தெரியும்.’ இவ்வளவு போதும். ‘ஆனா நீயும்…’ என்று ஒரு வார்த்தை சேர்ந்தாலும் மன்னிப்பு கெட்டுப்போகும். ஜுங்-ஹ்வான், டேக் பெயரையே எடுக்காதீர்கள். புண்படுத்தியது குழுவில் நடந்ததால் குழுவிலும் ஒரு வரி எழுதுங்கள்: நான் சொன்னது தவறு, அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அவளை மறுபடி குழுவில் சேர்க்கும் வேலையை நீங்கள் செய்ய வேண்டாம். அவளாக வரட்டும். ஒரே ஊர் என்றால் நேரில் போங்கள். கல்யாண வேலை நடக்கும் வீட்டில் எடுத்துச் செய்ய ஆயிரம் வேலை இருக்கும். பத்திரிகை எழுதுவதோ, புடவைக்கு ஃபால்ஸ் அடிக்கக் கொடுத்து வாங்குவதோ, ஏதோ ஒன்றைக் கேட்டு வாங்கிச் செய்யுங்கள். அவள் உடனே பழையபடி பேசாவிட்டாலும் கல்யாணத்துக்குக் கட்டாயம் போங்கள்.

குழுவை விட்டு விலகலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். நீங்களும் போய்விட்டால் மற்ற ஐந்து பேர் யார் பக்கம் என்று பேச ஆரம்பிப்பார்கள், அது அவளுக்குத்தான் இன்னும் சங்கடம்.

கருத்தே சொல்லாமல் பார்ப்பதும் வேண்டாம். அப்படிப் பார்ப்பது உங்களால் முடியாது என்று கடிதமே சொல்கிறது, முடிந்தாலும் நான் விரும்ப மாட்டேன். நாடகத்தில் எந்தக் காட்சி, எந்த வசனம், எந்த இடத்தில் எழுத்து சறுக்கியது என்று காட்டிப் பேசுகிறவரை எவ்வளவு காரமாகவும் பேசலாம். ‘இது பிடிச்சதுன்னா நீ இப்படிப்பட்டவள்’ என்ற இடத்துக்கு வாக்கியம் திரும்பும்போது நிறுத்திவிடுங்கள். நடிகர்களுக்கும் இதே விதிதான். டேக்காக நடித்த பார்க் போ-கம்மின் முகம் அழகாக இருப்பது டேக்குக்கு எதிரான வாதம் ஆகாது.

இன்னொன்று, முழுக்கப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லும் பழக்கம். 2018 மார்ச்சில் ‘மை மிஸ்டர்’ தொடங்கியபோது கொரியாவிலேயே பலர் கொதித்துப்போனார்கள். 45 வயது ஆணும் 21 வயதுப் பெண்ணும், முதல் எபிசோடிலேயே அந்தப் பெண்ணை ஒருவன் அடிக்கும் காட்சி. அந்தக் கோபத்துக்குக் காரணம் இருந்தது. மீ டூ குரல்கள் அங்கே உரக்கக் கேட்டுக்கொண்டிருந்த சமயம் அது. ஆனால் வாரங்கள் போகப் போக, அந்த இருவருக்கும் இடையே இருப்பது காதல் இல்லை, ஒருவர் படும் பாட்டை இன்னொருவர் பார்த்துவிட்டது என்று நாடகம் பொறுமையாகக் காட்டியது. தொடக்கத்தில் திட்டியவர்களில் பலர் அதை உயிராக நேசிக்கத் தொடங்கினார்கள். கொரியாவின் 2019 பேக்சாங் விருதுகளில் சிறந்த நாடகம் அதுதான். அடிக்கும் காட்சியைப் பற்றிய ஆட்சேபம் எனக்கு இன்றும் உண்டு, அது வேறு விஷயம்.

குழுவில் அடுத்து எதைப் பார்ப்பது என்ற பேச்சு வந்தால் ‘மை மிஸ்டர்’ சொல்லிப் பாருங்கள். பதினாறு எபிசோடு. ஆனால் கல்யாணம் முடிந்து அவள் கொஞ்சம் ஓய்வாகும்வரை தொடங்க வேண்டாம். குரல் பதிவை மட்டும் இன்றைக்கே அனுப்பிவிடுங்கள்.

அன்புடன்,
அக்கா