ஏஜென்ட் சொல்வது 12, மகன் சொல்வது 21½: எது சரி?

கேள்வி: ரப்பர் ஷீட் அடிக்கும் ரோலர் வாங்க ஒரு லட்சம் ரூபாய் கடன் கேட்டிருக்கிறேன். மாதம் 9,333 ரூபாய் வீதம் 12 மாதம் கட்ட வேண்டும். வட்டி 12 சதவீதம்தான் என்கிறார் ஏஜென்ட். கல்லூரியில் படிக்கும் மகன் 21½ என்கிறான். ஃபார்முலா கேட்டால், தோராய முறையில் போட்டேன் என்கிறான். அதை நம்பி ஏஜென்டிடம் பேசலாமா?
- வாசகர், குலசேகரம்

பதில்: தாராளமாகப் பேசுங்கள். தவணையை வைத்து வட்டியைக் கண்டுபிடிக்க நேரடி ஃபார்முலா கிடையாது. 12 தவணை என்பதால் உங்கள் கடனின் சமன்பாடு 12-ஆம் படி; அதாவது, தெரியாத எண் தன்னைத்தானே 12 முறை வரை பெருக்கிக்கொண்டு வரும். ஐந்தாம் படியிலிருந்தே பொதுச் சூத்திரம் இல்லை என்று நார்வே கணித மேதை ஏபல் 1824-லேயே நிறுவிவிட்டார். எக்செல்கூட ஊகித்து, சரிபார்த்து, திருத்தித்தான் விடை சொல்கிறது.

மாதம் 1 சதவீதம் என்றால் தவணை 8,885. 2 என்றால் 9,456. உங்கள் 9,333 இடையில் இருக்கிறது. நடுவே 1½ போட்டால் 9,168, போதவில்லை. 1¾-க்கு 9,311, இன்னும் சற்று மேலே போக வேண்டும். ஒவ்வொரு முறையும் இடைவெளி பாதியாகி, 1.79-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். ஆண்டுக்கு 21½. மிஞ்சும் பிழை பைசாக் கணக்கு.

ஏஜென்ட் சொல்வது 'ஃப்ளாட்' வட்டி. மாதாமாதம் அசலைத் திருப்பிக் கட்டிக்கொண்டே வருகிறீர்கள். அவரோ கடைசி மாதம் வரை முழு லட்சத்துக்கும் வட்டி போடுகிறார். கட்டணம் என்று 3,000 ரூபாய் பிடித்துக்கொண்டு 97,000 தந்தால் வட்டி 27 சதவீதத்தைத் தாண்டிவிடும்.

ஒரு விஷயத்தில் மகனின் கணக்கும் மாறும். 'முதல் டியூ அட்வான்ஸ்' என்று கடன் தரும் அன்றே 9,333-ஐக் கழிப்பார்கள். அப்படியானால் கைக்கு வருவது 90,667, பாக்கித் தவணை 11. லட்சம், 12 என்று போடாமல் இந்த எண்களைப் போடச் சொல்லுங்கள். கட்டணம் எதுவும் இல்லாமலே 25½ சதவீதம் வரும். எத்தனை பேர் இதைக் கவனிக்காமல் கையெழுத்துப் போடுகிறார்கள்!

ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாட்டில் உள்ள நிறுவனங்கள், கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு வட்டியை, உங்களுக்குப் புரியும் மொழியில், முக்கிய விவரத் தாளில் எழுதித் தர வேண்டும். 2024 அக்டோபர் 1 முதல் இதுதான் விதி. ஆனால் கத்தைக் காகிதத்தின் நடுவில் அதைச் செருகிவிட்டு 'இங்கே கையெழுத்து' என்று விரலைக் காட்டுகிறார்கள். கேட்பார் யார்? நீங்கள் கேளுங்கள். தாளை வீட்டுக்கு வாங்கி வாருங்கள். யோசிக்க மூன்று வேலை நாளாவது தரவேண்டும். அதிலுள்ள எண்ணையும் மகனின் எண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.