கேட்டதும் சொன்னதும்: மாதா கோவிலில் எழுதிய அரசியல் சட்டம்

கேள்வி: பிலிப்பைன்ஸின் சுதந்திரத்தை மலோலோஸ் நகரிலுள்ள பாரசோவாயின் மாதா கோவிலில்தான் பிரகடனம் செய்தார்களாமே? ஸ்பானியப் பாதிரிமாரை எதிர்த்தவர்களுக்குப் போயும் போயும் ஒரு கோவில்தானா கிடைத்தது?

பதில்: முதலில் ஒரு சின்னத் திருத்தம். பிரகடனம் நடந்தது 1898 ஜூன் 12 அன்று, கவிட் ஊரில், புரட்சித் தலைவர் எமிலியோ அகினால்டோவின் சொந்த வீட்டில். பிரகடனம் செய்துவிட்டால் ஆயிற்றா, சட்டம் வேண்டாமா? அதை எழுத அதே ஆண்டு செப்டம்பர் 15 அன்று காங்கிரஸ் என்ற பிரதிநிதிகள் சபை கூடிய இடம்தான் இந்தக் கார்மேல் மாதா கோவில். 1899 ஜனவரி 23 அன்று குடியரசு பிறந்ததும் இங்கேதான்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். மாதாவோடு அவர்களுக்கு என்ன சண்டை? நிலபுலன்களையும் பங்குக் கோவில்களையும் பிடித்து வைத்துக்கொண்டு, உள்ளூர்க் குருமாரைத் தலையெடுக்க விடாத ஸ்பானியத் துறவிகள்மேல்தான் கோபம். கோமெஸ், புர்கோஸ், சமோரா என்ற மூன்று உள்ளூர்க் குருமாருக்கு 1872-இல் ஸ்பானிய அரசு மரண தண்டனை நிறைவேற்றியது. அந்த ரணம் ஆறவேயில்லை.

வேடிக்கை இனிமேல்தான். வரைவை எழுதிய ஃபெலிப்பே கால்டெரோன், கத்தோலிக்கமே அரசு மதம் என்று போட்டிருந்தார். சபை உறுப்பினர் தோமாஸ் டெல் ரொசாரியோ விடவில்லை. மதம் வேறு, அரசு வேறு என்று மல்லுக்கு நின்றார். வாக்கெடுத்தால் இரு பக்கமும் சரிசமம்! மறுபடி வாக்கெடுத்தார்கள். பாப்லோ டெக்சோன் போட்ட ஒரே வாக்கில் டெல் ரொசாரியோ தரப்பு ஜெயித்தது. மாதா கோவிலுக்குள் உட்கார்ந்துகொண்டே மதத்தையும் அரசையும் பிரித்த அந்தத் துணிச்சலுக்கு நான் ஒரு சலாம் வைப்பேன். ஆனால் அகினால்டோவின் மூளையாக இருந்த அப்போலினாரியோ மபினிக்கு வேறு கவலை: இந்த நேரத்தில் பக்தர்களைப் பகைத்துக்கொள்ளலாமா? அந்தப் பிரிவு மட்டும் நிறுத்தி வைக்கப்பட்டது.

கேள்வி: அந்தக் குடியரசு ஏன் நிலைக்கவில்லை?

பதில்: 1898 டிசம்பரிலேயே ஸ்பெயின், 2 கோடி டாலர் வாங்கிக்கொண்டு தீவுகளை அமெரிக்காவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டதே! குடியரசு பிறந்த 12-ஆம் நாள் அமெரிக்கப் படையோடு சண்டை மூண்டது. மார்ச் 31 அன்று மலோலோஸ் விழுந்தது. அகினால்டோ தலைமையகமாக வைத்திருந்த மலோலோஸ் கதீட்ரலுக்கு (அது வேறு கோவில்) அவர் படையே பின்வாங்கும்போது தீ வைத்துவிட்டுப் போனது. 1901-இல் அவரும் பிடிபட்டார். அமெரிக்கா கையெழுத்துப் போட்டு விடுதலை தந்தது 1946 ஜூலை 4-இல்தான்.

கேள்வி: பழைய 10 பெசோ நோட்டில் இருப்பது இந்தக் கோவில்தானா?

பதில்: இதேதான். முன்பக்கம் மபினி, பின்பக்கம் பாரசோவாயின். நிறுத்தி வைக்கச் சொன்னவரும் நிறைவேற்றிய இடமும் ஒரே தாளில்! நூறாண்டு கழித்து, 1998-இல், ஜோசப் எஸ்த்ராதா அதிபராக உறுதிமொழி எடுத்ததும் இங்கேதான். பேச்சை மட்டும் மணிலாவில் வைத்துக்கொண்டார்.