கரை ஒதுங்கும் திமிங்கலம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: 2016 ஜனவரியில் மும்பை ஜுஹு கடற்கரையில் ஒதுங்கிய திமிங்கலத்தைக் கரையிலேயே புதைத்தார்கள். நடுக்கடலில் கொண்டுபோய் விட்டிருந்தால் நாற்றமாவது இல்லாமல் போயிருக்குமே? (வாசகி, செம்பூர்)

பதில்: திரும்பி வந்திருக்கும். வயிற்றில் வாயு சேரச் சேரச் செத்த உடல் மிதக்கும். காற்றும் நீரோட்டமும் தள்ளுகிற பக்கம் போகும். ஜுஹுவுக்கு வராவிட்டால் வெர்சோவாவிலோ அலிபாகிலோ ஒதுங்கும். அதுவரை இரவில் வரும் மீன்பிடிப் படகுகளுக்கு அது கண்ணில் படாத பாறை. மூழ்கடிக்க டன் கணக்கில் எடை கட்ட வேண்டும். இழுப்பதும் லேசில்லை: கயிறு கட்டத் தோதான இடம் வாலடி மட்டும்தான், உடல் அழுகியிருந்தால் வால் கழன்று கயிற்றோடு வந்துவிடும்.

ஜுஹுவில் ஒதுங்கியது சுமார் 35 அடி நீள பிரைட்ஸ் திமிங்கலம். அந்த அளவு உடலுக்குக் குழியின் அடிப்பரப்பு 13 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம் வேண்டும். ஆழமும் 4 மீட்டர். அப்போதுதான் உடலுக்கு மேல் 2 மீட்டர் மணல் நிற்கும். நேர்ச்சுவராகத் தோண்டினால் ஈர மணல் சரியும், அதனால் மேல்வாயை அகலமாகச் சரித்து வெட்ட வேண்டும். ஆட்கள் யாரும் குழிக்குள் இறங்கக் கூடாது. சரிவு ஒரு காரணம். அழுகலில் வரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கும் என்பது இன்னொரு காரணம்.

இடத்தேர்வில்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறார்கள். மும்பையில் பெரிய ஹை டைடு 4.5 மீட்டரைத் தாண்டும். அந்தக் கோட்டுக்கு மேலே தோண்டினால்தான் குழியில் நீர் ஊறாது. உடல் கிடக்கிற இடத்திலேயே வசதிக்காகத் தோண்டினால், ஜனவரியில் மூடிய மணலை ஜூலை அலை வாரிக்கொண்டு போய்விடும். நீர் வற்றியிருக்கும் நேரத்திலேயே பொக்லைன் வேலையை முடிக்க வேண்டும். தூக்குவதற்கு அகலப் பட்டை பெல்ட். சங்கிலி போட்டால் தோலையும் கொழுப்பையும் அறுத்துக்கொண்டு இறங்கும். சுண்ணாம்பு கொட்டுகிறார்கள், அது நாற்றத்தை மட்டுப்படுத்தும். ஆனால் மட்குவதைத் தாமதப்படுத்தும் என்பதால் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

புதைப்பதற்கு முன் நீளம் அளந்து, தோல், கொழுப்பு மாதிரி எடுத்துவிட வேண்டும். எதனால் செத்தது என்று அறிய அது ஒன்றே வாய்ப்பு. அவசரத்தில் இதை விடுவது பெரிய இழப்பு.

கேள்வி: திமிங்கலம் வெடிக்கும் என்கிறார்களே? (வாசகர், தாராவி)

பதில்: வெடித்திருக்கிறது. 2004 ஜனவரியில் தைவானின் தைனான் நகரில், லாரியில் ஏற்றிப்போன ஸ்பெர்ம் திமிங்கலம் நடுத்தெருவில் வெடித்துக் கடைகள்மேல் குடலும் ரத்தமும் தெறித்தன. வயிறு உப்பி, தோல் டிரம் மாதிரி விறைத்திருந்தால் எட்டவே நில்லுங்கள். கம்பால் குத்துவது, மேலே ஏறி செல்ஃபி எடுப்பது இரண்டும் ஆபத்து. வாயுவை வெளியேற்றுவது கால்நடை மருத்துவர் வேலை: காற்று தன் முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நின்று, நீளக் கைப்பிடிக் கத்தியால் சின்னதாகக் கீறுவார்.

வெடி வைத்துத் தகர்க்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு. 1970 நவம்பரில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் அரை டன் டைனமைட் வைத்தார்கள். கால் மைல் தள்ளி நின்ற கார் கொழுப்புத் துண்டு விழுந்து நசுங்கியது. பெரும்பகுதி உடல் கிடந்த இடத்திலேயே கிடந்தது.

கேள்வி: புதைத்தபின் எப்போது கடலில் இறங்கலாம்? சுறா வருமா? (வாசகர், அந்தேரி)

பதில்: உடல் நீரிலோ அலை அடிக்கும் இடத்திலோ கிடக்கும்வரை இறங்கவே வேண்டாம். கசியும் எண்ணெயும் ரத்தமும் சுறாக்களை இழுக்கும். ஆஸ்திரேலியாவில் இதற்காகவே கடற்கரைகளை மூடுகிறார்கள். அங்கே போர்ட் மக்குவாரியில் 2017இல் புதைத்த திமிங்கலத்தை, மக்கள் எதிர்ப்புக்குப் பிறகு தோண்டி எடுத்தார்கள். மும்பைக் கரையில் என் கவலை சுறாவைவிடக் கிருமி பற்றியது. எரிசிபெலோத்ரிக்ஸ், புருசெல்லா போன்றவை தோல் கீறல் வழியே ஏறும். காலில் வெட்டோ கொப்புளமோ இருந்தால் அந்தப் பக்க மணலில் வெறுங்காலோடு நடக்காதீர்கள். நாள் கணக்கு பார்க்க வேண்டாம்: நீரில் எண்ணெய்ப் படலமும் நாற்றமும் அடியோடு போகட்டும், பிறகு இறங்குங்கள். மழைக்காலம் முடிந்ததும் புதைத்த இடத்தில் எலும்பு தலைகாட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். நாய்கள் அங்கே கிளறுகின்றன என்றால் மணல் மூட்டம் போதவில்லை என்று அர்த்தம்.

கேள்வி: எலும்பை எடுத்து வீட்டில் வைக்கலாமா? அம்பர் என்கிற திமிங்கல வாசனைப் பொருள் கிடைக்குமா? (வாசகர், மாட்டுங்கா)

பதில்: இரண்டும் கூடாது. திமிங்கலம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. எலும்போ அம்பரோ வைத்திருந்தால் வழக்கு வரும். அம்பர் ஸ்பெர்ம் திமிங்கல வகையில்தான் உருவாகும், பிரைட்ஸில் தேடிப் பயனில்லை. கரை ஒதுங்கிய திமிங்கலத்தைக் கண்டால் வனத்துறையின் 1926 அல்லது மாநகராட்சியின் 1916 எண்ணுக்குச் சொல்லுங்கள். இடம், நீளம், உயிர் இருக்கிறதா என்ற மூன்றையும் சொன்னால் போதும்.